பீட்சா மாவும் பாஸ்தா மாவும்: கோளாற்றை வைத்துக் காரணம் கண்டறியும் வழிமுறை

பிசைந்த மாவு சொன்னபடி கேட்காதபோது பெரும்பாலோரின் சந்தேகம் நேரே பொட்டலத்தின் மீதுதான் விழுகிறது. ஆனால் கையில் தெரியும் ஒரே கோளாறு மூன்று இடங்களிலிருந்து வரலாம்: மாவின் இயல்பு, சேர்த்த நீரின் அளவு, ஊறவிட்ட நேரம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் வேறு மாவு வாங்கினால், பழைய கோளாறு புதுப் பொட்டலத்திலும் தொடரும். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும், மாவைக் குற்றம் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையை முதலிலும், எந்த மாவுக்கு மாற வேண்டும் என்பதை அதன் பிறகும் சொல்கிறேன். குழப்பம் வராமலிருக்க, உலர்ந்த நிலையில் உள்ளதை மாவு என்றும், பிசைந்து முடித்ததை உருண்டை என்றும் குறிப்பிடுகிறேன்.

தொடங்கும் முன் பொட்டலத்தின் பின்புறம்

முன்புறத்தில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும் எண்ணைவிட, பின்புற ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று சிறிய எழுத்தில் இருப்பதே நமக்குப் பயன்படும். கோதுமைப் புரதத்தில் குளூட்டெனின், கிளையடின் என்ற இரண்டும் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் என்ற வலைப்பின்னல் உருவாகிறது. முதலாவது அந்த வலைக்கு மீள்தன்மையையும், இரண்டாவது நீளும் தன்மையையும் தருகின்றன. பீட்சாவுக்கு இரண்டும் தேவை. முட்டை சேர்த்த பாஸ்தாவுக்கு நீளும் தன்மை முக்கியம், மீள்தன்மை அதிகமானால் இடைஞ்சல்.

இத்தாலிய மாவுகளில் காணப்படும் 00 என்ற குறி வலிமையைக் குறிப்பதில்லை. தவிடும் முளைக்கருவும் எந்த அளவுக்கு நீக்கப்பட்டுள்ளன என்பதை, மாவை எரித்தால் எஞ்சும் சாம்பலைக் கொண்டு அந்நாட்டுச் சட்டம் வகைப்படுத்துகிறது. 00 மாவில் சாம்பல் 0.55 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 0 வகையில் 0.65, 1 வகையில் 0.80, 2 வகையில் 0.95 என்று வரம்பு படிப்படியாக உயர்கிறது. 00 வகைக்குச் சட்டம் கேட்கும் புரதம் வெறும் 9 சதவீதமே. அதுவும் ஈரப்பதத்தை நீக்கிய கணக்கு. ஆகவே ஒரே 00 குறியோடு பிஸ்கட்டுக்கான மெலிந்த மாவும் கிடைக்கும், இரண்டு நாள் புளிக்கவைக்கத் தக்க வலுவான பீட்சா மாவும் கிடைக்கும்.

நானே ஒருமுறை அந்த எண்ணை மட்டும் நம்பி மாவு வாங்கி, 70 சதவீத நீரில் பிசைந்து, 48 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். திறந்தபோது ஆறு உருண்டைகளும் ஒன்றோடொன்று கலந்து தட்டு முழுவதும் படர்ந்திருந்தன. மேலே சிறு குமிழ்கள், விரலை விட்டால் கூழ். பின்புறத்தில் புரதம் 9.5 கிராம் என்று போட்டிருந்ததை அன்றைக்குத்தான் படித்தேன். அந்த மாவு கெட்ட மாவு அல்ல. மீதியை முட்டை பாஸ்தாவுக்குப் பயன்படுத்தியபோது அருமையாக வந்தது.

இன்னொரு கணக்குக் குழப்பமும் உண்டு. ஆலைகள் தரும் தொழில்நுட்ப விவரத்தாளில் புரதம் சில சமயம் ஈரமற்ற எடையின்படி சொல்லப்படும். ஊட்டச்சத்து அட்டவணையோ மாவு இருக்கும் நிலையிலேயே சொல்லும். மாவில் சுமார் 14 சதவீத ஈரம் இருப்பதால், விவரத்தாளில் உள்ள 12 என்பது அட்டவணையில் 10.3 ஆகக் குறையும். இரண்டு மாவுகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அட்டவணையே இல்லாத மாவுக்கு ஒரு கைச்சோதனை

சில்லறையாக வாங்கிய மாவு, டப்பாவில் கொட்டி வைத்துப் பெயர் மறந்துபோன மாவு ஆகியவற்றுக்கு இது உதவும். 100 கிராம் மாவில் 60 கிராம் நீர் விட்டு 5 நிமிடம் பிசைந்து, உருண்டையைக் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு ஒரு கிண்ணம் நீருக்குள் அதை மெல்லப் பிசைந்து அலசினால் மாச்சத்து பால்போல் வெளியேறும். நீரை நான்கைந்து முறை மாற்றிய பின் தெளிவு வரும். கையில் எஞ்சுவது சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில், மென்ற சூயிங்கம் போன்ற ஒரு பிண்டம். அதைப் பிழிந்து எடை போட்டால் 30 கிராமுக்கு மேல் இருப்பது பீட்சாவுக்கு ஏற்ற வலுவான மாவு. 24 கிராமுக்குக் கீழே இருந்தால் முட்டை பாஸ்தாவுக்கு ஒதுக்கிவிடலாம். எடையைவிட இழுத்துப் பார்ப்பது இன்னும் நிறையச் சொல்லும்: நூலாக நீண்டு மெல்லத் திரும்பினால் நல்ல மாவு, சிறிது நீண்டதுமே துண்டாக அறுந்தால் மெலிந்த மாவு, நீளவே மறுத்து உடனே சுருங்கினால் முரட்டு மாவு. முழுக்கோதுமை மாவில் தவிடும் பிண்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதன் எடையை நம்ப வேண்டாம்.

அறிகுறி: விரித்த பீட்சா உருண்டை மீண்டும் சுருங்கிக்கொள்கிறது

இதில் முதலில் விலக்க வேண்டியது குளிரும் அவசரமும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உருண்டையை அப்படியே விரிக்க முயன்றால் எந்த மாவும் முரண்டு பிடிக்கும். மூடிவைத்து அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். அதற்கு 1 முதல் 2 மணி நேரம் ஆகலாம். உருண்டை பிடித்த உடனே விரிப்பதும் அதே கோளாற்றைத் தரும், ஏனெனில் உருட்டும்போது குளூட்டன் வலை இறுகுகிறது. ஓய்வுக்குப் பின் விரல் நுனியால் அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும். சட்டென்று முழுவதும் நிமிர்ந்தால் இன்னும் நேரம் தேவை.

போதிய ஓய்வு கொடுத்தும் சுருங்கினால் மாவு தேவைக்கு மேல் வலுவானது. 13.5 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள மாவில், அன்றைக்கே பிசைந்து அன்றைக்கே சுடும் பீட்சாவைச் செய்தால் இப்படித்தான் நடக்கும். தீர்வு இரண்டு: அதே மாவுக்குக் குளிரில் 24 முதல் 48 மணி நேரம் கொடுத்து, மாவிலேயே உள்ள நொதிகள் புரதத்தைத் தளர்த்த விடுவது, அல்லது 10 சதவீதப் புரதம் உள்ள மைதாவை மூன்றில் ஒரு பங்கு கலப்பது. இரண்டாவது முறையில் நீரைச் சற்றுக் குறைக்க வேண்டும். இத்தாலியப் பொட்டலங்களில் டபிள்யூ என்ற அளவு தரப்பட்டிருந்தால் வேலை எளிது. பிசைந்த மாவைக் குமிழாக ஊதி, அது வெடிக்கும்வரை எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது என்று ஒரு கருவி அளப்பதே அந்த எண். சில மணி நேரத்தில் முடிக்கும் பீட்சாவுக்கு 200 முதல் 260, இரண்டு நாள் குளிரில் வைப்பதற்கு 280 முதல் 320 என்று வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: விரிக்கும்போது நடுவில் கிழிந்து ஓட்டை விழுகிறது

கிழிசல் எப்போது தொடங்கியது என்பதே இங்குத் துப்பு. பிசைந்த அன்றே ஒரு சிறு துண்டைக் கிள்ளி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நான்கு விரல்களால் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சவ்வாக விரிந்தால் குளூட்டன் உருவாகிவிட்டது. அப்படியிருந்தும் மறுநாளோ மூன்றாம் நாளோ கிழிந்தால், உருண்டை அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது என்று பொருள். ஈஸ்டைப் பாதியாகக் குறைத்தாலோ நேரத்தைக் குறைத்தாலோ போதும்.

அன்றே சவ்வு வராமல் அறுந்தால், இன்னும் 5 நிமிடம் பிசைந்து, 20 நிமிடம் விட்டு மீண்டும் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவு மெலிந்தது. ரொட்டிக்கென்று விற்கப்படும், 12 முதல் 13 சதவீதப் புரதம் உள்ள மாவுக்கு மாறுவது நேரான வழி. கிடைக்காவிட்டால், தனியாகப் பிரித்துப் பொடியாக விற்கப்படும் கோதுமைக் குளூட்டனைச் சேர்க்கலாம். 10 சதவீதப் புரதம் உள்ள 500 கிராம் மாவை 12.5 சதவீதத்துக்கு உயர்த்த, 75 சதவீதப் புரதம் உள்ள குளூட்டன் பொடி 20 கிராம் தேவை. அதற்காகக் கூடுதலாக 30 மில்லி நீரும் வேண்டும். பொடியை உலர்ந்த மாவிலேயே கலந்துவிடுங்கள். நீரில் போட்டால் நொடியில் கட்டிதட்டிவிடும், பிறகு எவ்வளவு பிசைந்தாலும் அந்தக் கட்டிகள் கரையாது.

அதிகப் புரதம் என்ற ஒரே காரணத்துக்காக டியூரம் என்ற கடினக் கோதுமையை அரைத்துக் கிடைக்கும் செமோலா மாவை முழுவதுமாகப் பீட்சாவுக்கு எடுத்துக்கொண்டவர்களுக்கும் இதே கிழிசல் வரும். பொதுக் கோதுமைக்கு 42 குரோமோசோம்கள், டியூரத்துக்கு 28. விடுபட்டிருக்கும் தொகுதியில்தான் குளூட்டனுக்கு மீள்தன்மை தரும் முக்கியமான சில புரதங்களுக்கான மரபணுக்கள் உள்ளன. அதனால் அட்டவணையில் 13 என்று இருந்தாலும் அது பொதுக் கோதுமையின் 13 போல் விரியாது. ருசிக்காகவும் மொறுமொறுப்புக்காகவும் 20 சதவீதம் வரை கலப்பது நல்லது. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

அறிகுறி: செய்முறையில் சொன்ன நீரை விட்டும் சேறுபோல் ஒட்டுகிறது

செய்முறை எழுதியவரின் மாவும் உங்கள் மாவும் ஒன்றல்ல. 70 சதவீத நீர் என்றால் 500 கிராம் மாவுக்கு 350 கிராம். 13 சதவீத ரொட்டி மாவு அதை எளிதாக ஏற்கும், 9.5 சதவீத மைதா 58 அல்லது 60 சதவீதத்திலேயே திணறும். கல்லில் நுண்ணிதாக அரைத்த மாவோ நேர்மாறானது. அரைக்கும் அழுத்தத்தில் மாச்சத்துத் துகள்கள் உடைந்திருப்பதால் அது நிறைய நீரைக் குடிக்கும். எனவே புது மாவு எதுவானாலும் முதல்முறை நீரில் 50 கிராமை எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். 30 நிமிட ஊறலுக்குப் பிறகு தேவையைப் பார்த்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். ஒட்டுகிறது என்று உலர்ந்த மாவைக் கைநிறைய அள்ளித் தூவுவது மட்டும் வேண்டாம், அது உப்பையும் ஈஸ்டையும் கணக்கில்லாமல் நீர்த்துப்போகச் செய்யும்.

அறிகுறி: விளிம்பு வெந்திருக்கிறது, ஆனால் வெளிறியே இருக்கிறது

விலை கூடிய 00 பீட்சா மாவை வாங்கியவர்களின் பொதுவான ஏமாற்றம் இதுதான். அந்த மாவுகள் நேப்பிள்ஸ் நகரத்து விறகு அடுப்புகளை மனத்தில் வைத்து அரைக்கப்படுபவை. சுமார் 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 60 முதல் 90 நொடிகளில் பீட்சா வெந்துவிடும் அங்கே, மாவில் சர்க்கரை மிகுந்தால் கருகிவிடும். ஆகவே மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி, சேர்க்கப்படாத மாவே அங்கு நல்லது. வீட்டு ஓவனின் 250 டிகிரியில் நிலைமை தலைகீழ்: நிறம் வருவதற்குள் ஈரம் முழுவதும் போய் விளிம்பு காய்ந்துவிடுகிறது.

மாவை மாற்றும் முன் ஓவனைக் கல்லோடோ தடித்த இரும்புத் தகட்டோடோ 45 நிமிடமாவது சூடாக்கினீர்களா என்று பாருங்கள். அதையும் செய்தாயிற்று என்றால், மாவின் எடையில் 1 சதவீதம் சர்க்கரை, அல்லது நொதி செயல்படும் நிலையில் உள்ள பார்லி மால்ட் பொடி 0.5 சதவீதம் சேருங்கள். மால்ட்டின் நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால்தான் நிறம் வருகிறது; அளவு மீறினால் உட்பகுதி பிசுபிசுத்துப்போகும். வீட்டு ஓவன் மட்டுமே உள்ளவர், சாதாரண ரொட்டி மாவு கையிலிருக்கும்போது 00 பீட்சா மாவுக்காகக் கூடுதல் செலவு செய்யத் தேவையே இல்லை என்று துணிந்து சொல்வேன்.

அறிகுறி: சூட்டில் நன்றாக இருந்தது, ஆறியதும் தோல்போல் இழுபடுகிறது

வலுவான மாவு, குறைந்த சூடு, நீண்ட நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் வரும் விளைவு இது. ஓவன் சூட்டை உயர்த்த வழியில்லை என்றால், 11 முதல் 12 சதவீதப் புரதம் உள்ள மாவுக்கு இறங்கி, மாவின் எடையில் 2 அல்லது 3 சதவீதம் எண்ணெய் சேருங்கள்.

அறிகுறி: முழுக்கோதுமை மாவில் அடித்தளம் உப்பாமல் கனத்துக் கிடக்கிறது

அட்டவணையில் 12 அல்லது 13 கிராம் புரதம் என்று இருக்கும். அதை நம்பி ஏமாறக் கூடாது. அந்தப் புரதத்தில் ஒரு பகுதி தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ளது, அது குளூட்டன் ஆவதில்லை. போதாக்குறைக்குத் தவிட்டுத் துணுக்குகள் உருவாகும் வலையின் தொடர்ச்சியையும் குலைக்கின்றன. மொத்த மாவில் 20 முதல் 30 சதவீதம் மட்டும் முழுக்கோதுமையாக வைத்து, மீதியை ரொட்டி மாவாக்குங்கள். முழுவதுமே முழுக்கோதுமை வேண்டும் என்பவர்கள் மாவை நுண்சல்லடையில் சலித்து, தவிட்டைத் தனியே வெந்நீரில் அரை மணி ஊறவைத்துப் பிறகு சேர்த்தால் வித்தியாசம் தெரியும். மாவு கசந்தால் அது வகைக் கோளாறல்ல, முளைக்கருவின் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது. அதைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

உப்பாத கோளாற்றுக்கு நேர்மாறாக, பீட்சா கேக்போல் உதிர்ந்தாலோ, பாஸ்தா கொதிநீரில் பஞ்சுபோல் ஊதினாலோ பொட்டலத்தை மறுபடி படியுங்கள். பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்து விற்கப்படும் மாவை எடுத்திருப்பீர்கள்.

அறிகுறி: பாஸ்தா மாவு ஒன்றுசேராமல் உதிர்கிறது

100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்ற கணக்கு, ஓடு நீக்கி 50 கிராம் வரும் முட்டைக்கும் 00 போன்ற நுண்ணிய மாவுக்கும் உரியது. முட்டைகளை எண்ணுவதற்குப் பதில் எடை போட்டால் பாதிச் சிக்கல் தீரும். உதிர்ந்தாலும் உடனே நீர் விடாமல், கிடைத்த வடிவில் அழுத்திச் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி 30 நிமிடம் வையுங்கள். உலர்ந்த மணல்போல் இருந்தது பெரும்பாலும் தானாகவே வழவழப்பாகியிருக்கும்.

டியூரம் செமோலாவில் இந்தக் கோளாறு வந்தால் துகளின் அளவைப் பாருங்கள். இருமுறை அரைத்த, ரிமச்சினாட்டா என்று குறிக்கப்படும் செமோலா வெளிர்மஞ்சளாக, விரலுக்கிடையே தேய்த்தால் மிக நுண்ணிய மணல்போல் இருக்கும். கையால் பிசையும் பாஸ்தாவுக்கு அதுதான் வேண்டும். ரவை என்று விற்கப்படுவது துகள் பெரியது. பல சமயம் அது டியூரமே அல்ல, பொதுக் கோதுமையிலிருந்து வந்தது. அதை வைத்துப் போராடிப் பயனில்லை. ரிமச்சினாட்டாவுக்கு எடையில் 45 முதல் 50 சதவீதம் வெதுவெதுப்பான நீர் பொதுவாகப் போதும். இயந்திரத்தின் அச்சு வழியே பிழிவதாக இருந்தால் மட்டும் 30 முதல் 35 சதவீதம். அங்கே உதிரியாக இருப்பதுதான் சரியான நிலை, கோளாறு அல்ல.

அறிகுறி: பாஸ்தாவைத் தேய்க்கத் தேய்க்க உள்வாங்குகிறது

பீட்சாவுக்குச் சொன்ன ஓய்வுச் சோதனையே இங்கும் பொருந்தும். ஓய்வுக்குப் பின்னும் தொடர்ந்தால் நீங்கள் எடுத்தது ரொட்டி மாவு. முட்டை பாஸ்தாவுக்கு 9 முதல் 11 சதவீதப் புரதம் தாராளம், வலுவில் ஒரு பங்கை முட்டையின் புரதமே கொடுத்துவிடும்.

அறிகுறி: கொதிநீரில் குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது

முட்டையில்லாமல் மைதாவும் நீரும் மட்டும் சேர்த்தால் இது ஏறக்குறைய நிச்சயம். பாஸ்தாவின் உறுதி, வேகும்போது மாச்சத்துத் துகள்கள் உப்பி வெடிப்பதற்குள் அவற்றைச் சுற்றிய புரதம் இறுகிக்கொள்வதில் இருக்கிறது. மெலிந்த மாவில் அந்தப் பிடி இல்லை. மாச்சத்து நீரில் கரைந்து, கொதிநீர் கஞ்சிபோல் கலங்கும். இத்தாலியின் வடக்கே எமிலியா பகுதியில் பொதுக் கோதுமை மாவோடு முட்டையும், தெற்கே புலியாவில் டியூரம் செமோலாவோடு வெறும் நீரும் வழக்கமானது இதனால்தான்: ஒன்றில் முட்டையின் புரதம், மற்றொன்றில் டியூரத்தின் இறுக்கமான குளூட்டன் அந்த வேலையைச் செய்கிறது. உலர்ந்த பாஸ்தாவை டியூரத்தில்தான் செய்ய வேண்டும் என்று இத்தாலியில் 1967 முதல் சட்டமே உண்டு.

முட்டை வேண்டாம் என்பவர் ரிமச்சினாட்டாவுக்கு மாறுவதுதான் வழி. அது கிடைக்காதபோது 12 சதவீதத்துக்கு மேலுள்ள ரொட்டி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்துப் பயன்படுத்தலாம். தேய்ப்பது சிரமம், ஆனால் குழையாது. முட்டை சேர்த்தும் குழைந்தால் முட்டையின் அளவையும், பாத்திரத்தில் நீர் நன்றாகக் கொதித்ததா என்பதையும் பாருங்கள். மாவு அங்கே காரணமாக இருப்பது அரிது.

அறிகுறி: வெட்டிய பாஸ்தா மறுநாள் சாம்பல் நிறமாகிறது அல்லது கரும்புள்ளி விழுகிறது

தவிட்டோடு ஒட்டியிருக்கும் ஒரு நொதி, நறுக்கிய ஆப்பிளைப் பழுப்பாக்கும் அதே வகை நொதி, ஈரமான பாஸ்தாவைக் காற்றுப்பட்டுக் கறுக்கச் செய்கிறது. சாம்பல் அளவு குறைந்த மாவில் தவிடு குறைவு, அதனால் அந்த நொதியும் குறைவு. 00 என்ற எண்ணுக்கு உண்மையான பயன் உள்ள இடம் இதுதான். டியூரத்தில் இயல்பாகவே இந்த நொதி குறைவு என்பதால் அதன் மஞ்சள் நிறம் எளிதில் மங்காது. மாவை மாற்ற முடியாதவர்கள், அன்றே வேகவைக்காத பாஸ்தாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், தட்டில் பரப்பி நேரே உறைபெட்டியில் வைத்து, இறுகியதும் பையில் போட்டுக் கட்டி, உறைந்த நிலையிலேயே கொதிநீரில் இட வேண்டும்.